செல்வியின் நாற்காலியில் மேனேஜர் உட்கார்ந்தார்

எனக்கு எழுபத்தெட்டு வயசு ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் இன்றைக்கு யார் முன்னாலும் கை நீட்டாமல் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் நான் எதையும் ஆரம்பிக்க மாட்டேன்.

போன வாரம் கம்பெனி கேன்டீனில் நான் டீ போட வந்த கதையைச் சொன்னேன். இந்த வாரம் என் இரண்டாவது மகள் செல்வியைப் பற்றி. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு, நட்டு செய்கிற அதே கம்பெனியில்தான் அவளும் வேலை பார்த்தாள்.

டீத் தட்டோடு நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே செல்வி உட்கார்ந்திருக்கிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. கனகாம்பரம் வைத்திருந்தாள், அது ஏசி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வரதன் சார் ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இதுல சாமான் எங்கம்மா? வெலை மட்டும்தானே வந்திருக்கு?"

செல்வி திரும்பவில்லை. "நான் எல்லாம் அடிச்சேன் சார்" என்றாள்.

"அடிச்சா ஏன் வரலை?"

கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்றேன். டம்ளரில் டீ மேல் ஆடை கட்டியது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற ரூம்

அந்த ரூமைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வேனிலிருந்து இறக்கினபோது எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் சுற்றி உடைத்தோம். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு. விபூதித் தூள் உள்ளே போய்விடும் என்று இன்ஜினீயர் தடுத்ததால் விபூதி மட்டும் கிடையாது.

பெரிய பெட்டி ஒன்று மூலையில் இருக்கும். அதிலிருந்து வயர் போட்டு இரண்டு மேஜைகளில் இரண்டு டெர்மினல். டெர்மினல் என்றால் டிவி மாதிரி ஒரு கண்ணாடி, அதற்கு முன்னால் டைப் அடிக்கிற பலகை. எழுத்தெல்லாம் பச்சையாக வரும். படம் ஒன்றும் வராது.

அந்த ரூமுக்கு மட்டும்தான் ஏசி. மேனேஜர் ரூமுக்குக்கூட மின்விசிறிதான். கோயில் மாதிரி வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். நான் டீ கொண்டு போனால் கதவோரம் ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், எடுத்து வெளியே வந்துதான் குடிப்பார்கள், உள்ளே ஒரு சொட்டு சிந்தக் கூடாது. மே மாதத்தில் கதவைத் திறக்கிற அந்தக் குளிர்ச்சிக்காகவே நான் இரண்டு தரம் கேட்பேன், "சார், சக்கரை போதுமா?"

அந்த ரூமில் இரண்டு பெண்கள். ஒருத்தி பத்மா, முகப்பேர் ஹவுசிங் போர்டு பிளாட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். இன்னொருத்தி என் செல்வி.

செல்வி அந்தக் கம்பெனிக்கு முதலில் வந்தது பேக்கிங்குக்கு. அட்டைப் பெட்டியில் நட்டு எண்ணிப் போடுகிற வேலை. வேலை முடிந்ததும் அம்பத்தூர் ஓ.டி.யில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடுவாள். லோயர் பாஸ் பண்ணி, ஹையரும் பாஸ் பண்ணினாள். அதைப் பார்த்து வரதன் சார்தான் அவளைக் கம்ப்யூட்டர் ரூமுக்கு எடுத்தார். அதை நான் மறக்கக் கூடாது. ஆனால் எடுக்கும்போதே சொன்னார், "ஆறு மாசம் பாக்கலாம். சரியா வரலைன்னா பேக்கிங்குக்கே திரும்பிடணும்."

என் அம்மா அந்த மண்ணில் களை பறித்தவள். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அதெல்லாம் வயல். நிலத்துக்காரர் வரப்பில் வந்து நின்றால் அம்மா குனிந்த தலை நிமிராது. அங்கேயே என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி ரூமுக்குள் போகிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

காகிதத்தை விட்டுக் கண் எடுக்கக் கூடாது

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர் ஒரு பழக்கம் கற்றுக் கொடுத்திருந்தார். அடிக்கும்போது விரலைப் பார்க்கக் கூடாது, மிஷினையும் பார்க்கக் கூடாது. பக்கத்தில் வைத்திருக்கிற காகிதத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் விரல் மேல் ஸ்கேல் விழும். விரலை மறைக்க ஒரு துணியைப் போட்டுக்கூட அடிக்க வைப்பாராம்.

செல்வி அதில் கெட்டிக்காரி. வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட இடது கை விரல் தரையில் அடித்துக்கொண்டிருக்கும். "சோத்துத் தட்டையாவது பாத்து சாப்பிடுடி" என்பேன்.

கம்ப்யூட்டர் ரூமில் அவளுக்குக் கொடுத்த வேலை கொட்டேஷன் அடிப்பது. யாராவது பார்ட்டி, இந்த போல்ட்டு இத்தனை வேண்டும், என்ன விலை என்று கேட்டால், மேனேஜர் பென்சிலில் எழுதிக் கொடுப்பார். செல்வி அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, டர்ர் டர்ரென்று சத்தம் போடுகிற பிரின்டரில் எடுப்பாள். பத்மாவுக்கு ஸ்டாக் வேலை. எந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறது என்று ஏற்றுவாள்.

செல்வி அடித்தால், காகிதத்தில் சாமான் பெயர் இருக்காது, அளவு இருக்காது. வெறும் விலை மட்டும் வரும், கல்யாணப் பந்தியில் இலை போடாமல் பாயசம் ஊற்றின மாதிரி. எல்லாத் தரமும் இல்லை. சாதாரண லெட்டர் அடித்தால் நன்றாகவே வரும். கொட்டேஷன் என்றால் கெடும்.

முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. அப்படியே கவரில் போட்டு அனுப்பிவிட்டார்கள். பூந்தமல்லிப் பக்கத்துப் பார்ட்டி ஒருத்தர் போன் போட்டாராம். "சார், வெலை ரொம்ப நியாயமா இருக்கு. எதுக்குன்னு சொன்னீங்கன்னா வாங்கிக்கறேன்." கம்பெனி முழுக்க அன்றைக்குச் சிரிப்பு. அன்று செல்வி டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஆளுக்கு ஒரு காரணம்

வரதன் சார் சொன்ன காரணம், அவள் நடு நடுவே தெரியாமல் என்டர் தட்டுகிறாள் என்பது. என்டர் என்றால் வரியை முடித்து உள்ளே அனுப்புகிற பெரிய பட்டன். செல்வி அடித்து முடித்துக் கண்ணாடியைப் பார்த்தால் வரி பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும். அதனால் அவருக்கு அந்தச் சந்தேகம். "டைப்ரைட்டர் கைம்மா உனக்கு. பழக்கம் போகலை" என்றார்.

இன்ஜினீயர் தம்பி ஒருத்தர் வருவார், கம்ப்யூட்டர் விற்ற கம்பெனி ஆள். நல்ல பிள்ளை, எப்போதும் ஸ்கூட்டரும் அவசரமுமாக இருப்பார். அவர் வந்து வயரைப் பிடுங்கிச் சொருகினார், பலகையைத் தட்டிப் பார்த்தார், ஏதோ இரண்டு மூன்று சொல் அடித்தார். எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் செல்வியின் புடவையைப் பார்த்தார்.

"நைலக்ஸ் கட்றீங்களா? ஏசி ரூம்ல அதுல கரன்ட் ஏறும். காட்டன் கட்டிப் பாருங்க."

சரி என்று, என்னிடம் இருந்த நல்ல காட்டன் புடவையைக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக் கொடுத்தேன். மொடமொடவென்று கட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கும் விலை மட்டும்தான் வந்தது.

அப்புறம் இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். பத்மாவை செல்வி மேஜையில் உட்கார வைத்து, ஒரு கொட்டேஷனைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். முழுசாக வந்தது. செல்வியைப் பத்மா மேஜையில் உட்கார வைத்தார்கள். கெட்டது.

அவ்வளவுதான். கேடு மிஷினில் இல்லை, அந்தப் பெண்ணோடு சேர்ந்தே நடந்து போகிறது என்று முடிவாகிவிட்டது. மறுநாள் பேக்கிங் மேஸ்திரி டீ வாங்க வந்தவன் பல்லைக் காட்டினான்.

"இன்னா கன்னியம்மா, உன் பொண்ணு தொட்டா மிசினு சாமானையெல்லாம் முழுங்கிட்டு வெலையை மட்டும் துப்புதாமே? யாவாரம் தெரிஞ்ச மிசினுதான்."

"நீ போய் பொட்டிக்கு ஆணி அடி மேஸ்திரி. எம்பொண்ணு திரும்ப உன்னாண்ட வராது."

"வராம எங்க பூடும்? அது நின்ன எடம் அப்டியேதான் கீது. கைராசி இல்லன்னா ஐயருகிட்ட ஒரு கயிறு வாங்கி கட்டு."

அவனுக்கு டீயை ஆற்றாமலே கொடுத்தேன். குடித்துச் சுட்டுக்கொண்டான். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

ஆனால் கயிறு வாங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீடு திருமுல்லைவாயிலில். கோயில் பக்கம்தானே என்று போய்க் கறுப்புக் கயிறு வாங்கி வந்தேன். செல்வி கையை நீட்டினாள், கட்டிக்கொண்டாள். "இது உன் மனசுக்கும்மா" என்றாள், "என் கைக்கு ஒண்ணும் ஆகலை."

பருப்பு புடைக்கும்போது சொன்னது

அந்த வாரம் வரதன் சார் அவளிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை இன்ஜினீயர் இன்னொரு தரம் வருவார். அப்போதும் சரிவரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமையிலிருந்து பேக்கிங்.

ஞாயிற்றுக்கிழமை நான் முறத்தில் துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தேன். ஆவடி வண்டி போகிற சத்தம் கேட்டது. செல்வி எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் அழுகை இல்லை. கணக்குப் போடுகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"ம்மா, மேஜையை மாத்தினாங்க, கெட்டுது. பொடவையை மாத்தினேன், கெட்டுது. எல்லாம் மாத்தியாச்சு. மாத்தாத ஒண்ணு இருக்கு."

"இன்னாது?"

"எம்பேரு."

நான் முறத்தைக் கீழே வைத்தேன். "பேரை மாத்தப் போறியா? ஜோசியக்காரன் எவனாவது சொன்னானா?"

சிரித்துவிட்டாள். "அது இல்லம்மா. மிஷினாண்ட உக்காந்த உடனே யாரு வந்திருக்கேன்னு பேரு அடிக்கணும். அப்புறம் பாஸ்வேர்டு, நமக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சொல்லு. அப்பதான் உள்ள விடும். பத்மாக்கா எங்க உக்காந்தாலும் அவங்க பேரைத்தான் அடிக்கிறாங்க. நான் எங்க உக்காந்தாலும் எம்பேரு. கெடறது எங்கையாலயா, எம்பேராலயா? ரெண்டையும் யாரும் பிரிச்சுப் பாக்கலை."

"எப்டி பிரிப்ப?"

"எம்பேர்ல வேற யாராவது அடிக்கணும்."

"பத்மாவக் கேளு."

"கேட்டேன். பாவம், பயப்படறாங்க. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் உக்காரக்கூடாதுன்னு சட்டம். அவங்க வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அப்போ யாரு அடிப்பா?"

அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். "சட்டம் போட்டவரையே கேக்கறேன்" என்றாள்.

"சார், நீங்க உக்காருங்க"

திங்கட்கிழமை காலை டீயை நான் கொஞ்சம் சீக்கிரமாகவே எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜினீயர் தம்பி வந்திருந்தார். பத்மா சுவரோரம் நின்றாள். நான் ஸ்டூலில் டம்ளர்களை வைத்துவிட்டு வெளியே போகாமல் கதவோடு ஒட்டி நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயரை அடித்தாள், பாஸ்வேர்டை அடித்தாள். அப்புறம் எழுந்து நாற்காலியை ஒரு பக்கமாக நகர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க உக்காருங்க. எம்பேர்ல இந்த ஒரு கொட்டேஷனை நீங்க அடிங்க சார்."

வரதன் சார் புருவத்தைத் தூக்கினார். "நானா?"

"உங்க கையில நல்லா வந்துச்சுன்னா என் கைதான் தப்பு. நாளைக்கு நானே பேக்கிங் போயிடறேன் சார்."

அவள் குரலில் நடுக்கம் இல்லை. இதே மண்ணில் குனிந்து நின்றவளின் பேத்தி, மேனேஜருக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கெஞ்சுகிற மாதிரி இல்லை, வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்கிற மாதிரி.

அவர் இன்ஜினீயரைப் பார்த்தார். இன்ஜினீயர் தம்பி தோளைக் குலுக்கிவிட்டு, "பாத்துடலாமே சார்" என்றார்.

உட்கார்ந்தார். அவருக்கு டைப் தெரியாது. ஒரு விரல் ஆள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி ஒரு எழுத்தைத் தேடுவார், குத்துவார், நிமிர்ந்து கண்ணாடியைப் பார்ப்பார், மறுபடி தேடுவார். "இந்த பி எங்கய்யா போச்சு?" "கீழ சார், கீழ வரிசை." பத்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சாமான் பெயர் வந்தது. அளவு வந்தது. எத்தனை என்று வந்தது. எல்லாம் பச்சையாக நின்றது.

அடுத்தது விலை. விலைக்கு முன்னால் ஒரு குறி போடுவார்கள் இல்லையா, ஜாங்கிரி மாதிரி சுற்றிக்கொண்டு நடுவில் ஒரு சின்ன எழுத்து இருக்குமே, @, அட்-தி-ரேட் என்பார்கள். மளிகைக்கடை பில்லிலேகூட இருக்கும். வரதன் சார் அதைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்தினார்.

குத்தினாரோ இல்லையோ, அடுத்த எழுத்து விழுகிற இடத்தைக் காட்டிப் பச்சையாக மினுக்கிக்கொண்டிருக்குமே ஒரு சின்னக் கட்டம், அது தானாக அடுத்த வரிக்குக் குதித்தது.

"நான் என்டர் தட்டலையே!" என்றார்.

"தட்டலை சார்" என்றாள் செல்வி.

அவர் மீதி விலையை அடித்து முடித்தார். இன்ஜினீயர் பிரின்டரைத் தட்டினார். டர்ர் டர்ர். காகிதத்தைக் கிழித்துப் பார்த்தால் சாமானைக் காணோம். விலை மட்டும்.

வரதன் சார் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியோடு திரும்பி, "அப்போ என் கையும் ராசியில்லாத கைதானாம்மா?" என்றார். முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம்தான் நாங்கள் சிரித்தோம்.

அந்த எழுத்து செய்த வேலை

இன்ஜினீயர் தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டார். "சார், இது என் வேலை. மன்னிச்சுக்குங்க" என்றார் உடனே. மழுப்பவே இல்லை. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

அவர் சொன்னதைச் செல்வி எனக்கு விளக்கின மாதிரியே எழுதுகிறேன். அந்த மிஷினுக்கு வெளிநாட்டில் ஆதியிலிருந்தே ஒரு பழக்கம் இருந்ததாம். யாராவது வரியைத் தப்பாக அடித்துவிட்டால் 'இந்த வரி வேண்டாம், மொத்தமும் எடுத்துவிடு' என்று சொல்ல ஒரு எழுத்து வேண்டுமே. அவர்கள் ஊரில் அதிகம் தேவைப்படாத எழுத்து என்று இந்த ஜாங்கிரியைப் பிடித்து அதற்கு வைத்துவிட்டார்கள். அதைத் தட்டினால் அதுவரை அடித்த வரி போச்சு. கண்ணாடியில் எழுத்து நிற்கும், மிஷின் மட்டும் அதைக் கணக்கில் எடுக்காது. தட்டினதற்கு அப்புறம் அடிப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். விலை மட்டும் ஏன் தப்பியது என்று புரிகிறதா?

"நம்ம ஊர்ல அந்த எழுத்து இல்லாம ஒரு பில்லு உண்டா?" என்று வரதன் சார் கேட்டார்.

மிஷின் ஒவ்வொருத்தர் பெயருக்கும் தனித்தனியாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கும். பத்மா பெயரைப் போட்டபோதே இன்ஜினீயர் அவள் ஏற்பாட்டில் அந்த வேலையை வேறு பட்டனுக்கு மாற்றிவிட்டிருந்தார். பிறகு அவசரத்தில் வந்து செல்வி பெயரைச் சேர்த்தபோது அதை எழுத விட்டுப்போச்சு. அவர் சோதனைக்கு அடித்த சொல்லிலெல்லாம் விலை இல்லை, அதனால் அந்தக் குறியும் இல்லை. செல்வியோ காகிதத்தை விட்டுக் கண் எடுக்காதவள். கட்டம் குதித்ததை அவள் பார்க்கவே இல்லை. ஒரு விரல் ஆள் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து நிமிர்ந்து பார்த்ததால்தான் எல்லார் கண்ணிலும் பட்டது.

அவர் செல்வி பெயருக்கு ஒரே ஒரு வரி எழுதிச் சேர்த்தார். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. "மிஷினை விட்டு வெளிய போயிட்டு மறுபடி உங்க பேரை அடிச்சு உள்ள வாங்க" என்றார்.

செல்வி உட்கார்ந்தாள். காகிதத்தைப் பக்கத்தில் வைத்தாள். பழையபடி அதை மட்டும் பார்த்து, படபடவென்று மழை பெய்கிற மாதிரி அடித்தாள். பிரின்டரிலிருந்து வந்ததை வரதன் சாரே கிழித்தார். மேலிருந்து கீழே படித்தார். சாமான், அளவு, எண்ணிக்கை, விலை எல்லாம் இருந்தது.

"கன்னியம்மா" என்று அவர் என்னைக் கூப்பிட்டார். நான் அங்கே நிற்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியும் போல. "டீ ஆறிப்போச்சு. வேற போட்டு எடுத்துட்டு வா. செல்விக்கும் சேத்து."

கம்ப்யூட்டர் ரூமுக்குள் உட்கார்ந்து டீ குடித்த முதல் ஆள் என் மகள்.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரி கேன்டீனுக்கு வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே, "அப்போ அந்த எடத்துக்கு வேற பொண்ணு பாக்கணும்" என்றான். "பாரு" என்றேன். அன்றைக்கு டீயை நன்றாக ஆற்றிக் கொடுத்தேன்.

ஆறு மாதம் முடிகிறதற்குள்ளேயே அவள் வேலை நிலையானது. அந்த ரூமுக்குப் புதிதாக யார் வந்து பெயர் போட்டாலும், "செல்வி பாத்து சொல்லட்டும், அப்புறம் உக்காரட்டும்" என்று வரதன் சார் ஒரு வழக்கமே வைத்துவிட்டார். பின்னால் அந்த ரூம் முழுக்க அவள் பொறுப்பில் வந்தது. இன்றைக்கு வரைக்கும் இதை அவள் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அப்படித்தான். நான் அப்படி இல்லை.

மீனா, என் கண்ணு, இந்தக் காகிதத்தை எடுத்துகினு இப்படி ஜன்னலாண்ட வந்து உக்காரு. மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு, தப்பு இருந்தா சொல்லு. உங்கம்மா உள்ளதான் துணி மடிச்சுகினு கீறா. உங்கம்மா மேனேஜருக்கு நாற்காலியைப் பிடிச்ச எடம் வரும் பாரு, அங்க மட்டும் சத்தமா படி. 'போதும்மா, நிறுத்தச் சொல்லு'ன்னு அங்கேர்ந்து கத்துவா. நீ நிறுத்தாதே.